இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு

இளையோர் குழுவுக்கு நான் தலைவியானது திறமையால் அல்ல. முந்தின தலைவர் துபாய்க்குப் போய்விட்டார், அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கோயில் வாசலில் நின்று யாரைப் பிடிக்கலாம் என்று பார்த்தார். விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் நைசாக நழுவிவிட்டார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "டீச்சர், இனிமே நீங்க பாத்துக்கங்க" என்றார். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. நர்சரிப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு வயசுப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துவிட்டார் போல. சாமிக்கு என்ன தெரியும்! ஏழு வயசுப் பிள்ளை வாயில் விரல் வை என்றால் வைக்கும்.

இது நடந்தது தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், திண்டுக்கல்லில். குழுவில் பையன்கள் பதிமூன்று பேர், பெண்கள் ஒன்பது பேர். பையன்களுக்கு வேலை, திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவது. கட்டிய தோரணம் கோணலாக இருக்கிறது என்று சண்டை போடுவது. பெண்களுக்கு வேலை, கோயில் கூட்டுவது, பீடத்துக்குப் பூ வைப்பது, பாட்டுப் பாடுவது. வருசாவருசம் மே மாதத்தில் இளைஞர் மாநாடு ஒன்று நடக்கும். மூன்று நாள் வெளியூரில் தங்க வேண்டும். அதற்குப் பையன்கள் மட்டும்தான் போவார்கள். போய்விட்டு வந்து ஆகஸ்ட் வரைக்கும் அதையே அளந்துகொண்டிருப்பார்கள். "பொம்பளப் புள்ளைக ஏன் சாமி போறதில்ல?" என்று கேட்டேன். "யாரு டீச்சர் அனுப்புவா?" என்று சிரித்தார். இப்படி யாராவது சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். "நான் போயிக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பது வீட்டுக்கும் நடந்தேன். ஒன்பது வீட்டிலும் டீ. ஒரு வீட்டில் அப்பா சம்மதித்தார், அம்மா மாட்டேன் என்றார். அடுத்த வீட்டில் அம்மா சரி, அண்ணன்காரன் முறைத்தான். சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் குடியிருந்த ஒருவர், "எம் பொண்ணு போயிட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?" என்று கேட்டார். "மூணு நாளைக்கு நீங்க காட்டுங்க" என்றேன். அவர் வீட்டம்மா உள்ளே இருந்து கெக்கலித்துச் சிரித்ததில் அந்த வீட்டுக் காரியம் முடிந்தது. கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். "டீச்சர், நீங்க கூடப் போறதா இருந்தா அனுப்புறோம். நீங்க இல்லேன்னா கிடையாது." நான் நெஞ்சில் கையை வைத்து, "நான் இல்லாம பஸ்ஸே கிளம்பாது" என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியை இங்கே சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ பரீட்சை எழுதியிருந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி. எதைச் சொன்னாலும் "அது ஏன் டீச்சர்?" என்று கேட்கிற வாய். ஜூன் மாதம் அவளைத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மாநாடு திருச்சியிலதானே டீச்சர்? காவிரியப் பாத்துட்டு வந்துரலாமா?" பாத்துரலாம்டி என்றேன். அவள் அதற்குள் மற்ற எட்டுப் பேரிடமும் காவிரியில் குளிப்பதற்கு மாற்றுத்துணி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டாள்.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்களுக்குள் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதனால் ஈஸ்டர் முடிந்த கையோடு தரகர்கள் மழைக்குக் கிளம்பின ஈசல் மாதிரி கிளம்பிவிடுவார்கள். ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை, கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க உக்காருங்க" என்றார். என் வீட்டில் என்னையே உட்காரச் சொல்கிற ஆளா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெரியவர்கள் வெற்றிலை மாற்றிவிட்டார்கள். எனக்கும் ஆட்சேபணை இல்லை. நல்ல மனுசனாகத்தான் தெரிந்தார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பெண் கோயிலிலும் வாசிக்க வேண்டும், மாப்பிள்ளை கோயிலிலும் வாசிக்க வேண்டும். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், இதற்கு ஏதாவது விக்கினம், அதாவது தடை, இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று சாமி பீடத்தில் நின்று அறிவிப்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் பெண் பூசையைத் தவிர வேறெதற்கும் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் சொந்தக்காரர்கள் வழக்கம். வெயில்படாமல் வீட்டில் இருந்து நலங்கு வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் ஓலை மே மாதம் முதல் ஞாயிறு என்று வைத்தார்கள். மாநாடு அடுத்த வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த ஞாயிறுதான் இரண்டாவது ஓலை.

என் அப்பா ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். விசில் இல்லாமலே விசில் அடிக்கிற தொண்டை. முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபடி பேச்சை எடுத்தேன்.

"அப்பா, வெள்ளிக்கிழம திருச்சிக்குப் போகணும். மூணு நாள்தான்."

"ஓலை வாசிச்சாச்சு. போகக் கூடாது."

"ஒம்பது பிள்ளைக வீட்ல வாக்குக் குடுத்திருக்கேம்ப்பா. நான் போகலேன்னா அதுகளையும் விடமாட்டாங்க."

"அதுக்கு?"

அந்த "அதுக்கு?" இருக்கிறதே, அதற்கு மேல் அவரிடம் யாரும் பேசியதில்லை. முப்பது வருசம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று பழகின "அதுக்கு?" அது. நான் பேசினேன். வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினேன். பொரியல் வைத்திருந்த வெஞ்சனக் கிண்ணம் தரையில் உருண்டது. நான் தட்டினேனா அவர் தட்டினாரா என்று இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டில் தீர்ப்பாகவில்லை. அம்மா நடுவில் நின்று, "மாதாவே, ஓலை வாசிச்ச வீட்டுல இப்படிக் கத்துறாகளே" என்று எங்கள் இரண்டு பேரையும் விடப் பலமாகக் கத்தினார்.

திங்கள்கிழமை பிள்ளைகள் என்னைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். நான் விசயத்தைச் சொன்னேன். நாலு பேர் அழுதார்கள். கண்ணாடிக்காரி அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "டீச்சர், சாமி சொன்னது யாருக்கு வேணா பொருந்துமா?" என்று கேட்டாள். எதைச் சொல்கிறாள் என்று விளங்காமலே, "ஆமா, கோயில்ல சொன்னா எல்லாருக்கும்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் மூச்சு வாங்க நின்றார். "மாஸ்டர், சாமி ஒடனே வரச் சொன்னாரு. ஒங்க பொண்ணு கல்யாணத்துக்கு விக்கினம் வந்திருக்கு. எழுத்துல வந்திருக்கு." என்ன விக்கினம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் விக்கினம் வந்திருக்கிறது என்ற செய்தியை மட்டும் கோயிலில் இருந்து எங்கள் வீடு வரைக்கும் வழியில் பார்த்த அத்தனை பேரிடமும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு பெண் கல்யாணத்துக்கு எழுத்தில் விக்கினம் என்றால் ஊர் என்ன நினைக்கும்? எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று நினைக்கும். நானும் அப்பாவும் தெருவில் நடந்தபோது மாவு மில் வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பாமலே, "யாருடி அவன்?" என்றார். "சத்தியமா ஒருத்தனும் இல்லப்பா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாமி மேசையில் ஒரு முழு வெள்ளைத்தாள் இருந்தது. அவர் முகத்தைக் கடினமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார். "மாஸ்டர், எழுத்துல வந்தா நான் விசாரிச்சே ஆகணும்" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

"மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கு. சென்ற ஞாயிறு தாங்கள் பீடத்தில் நின்று, இந்தத் திருமணத்திற்கு விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவித்தீர்கள். எங்களுக்கு ஒரு விக்கினம் தெரியும். எங்கள் டீச்சர் எங்களை மாநாட்டுக்கு அழைத்துச் செல்வதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே முதலில் கொடுத்த வாக்கை முடித்துவிட்டு அடுத்த வாக்கைக் கொடுக்கும்படி அவருக்கு உத்தரவிடுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். டீச்சர் மேல் எங்களுக்கு வேறு புகார் எதுவும் இல்லை. மாப்பிள்ளை மேலும் இல்லை."

கீழே ஒன்பது கையெழுத்து. ஒருத்தி கைநாட்டும் சேர்த்து வைத்திருந்தாள், பலமாக இருக்கட்டும் என்று.

சாமி அதற்கு மேல் தாங்கவில்லை. நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். "வயசு கம்மி, ரத்த உறவு, ஏற்கெனவே கல்யாணமானவுக, இதுகதான் மாஸ்டர் விக்கினம். மாநாடு எந்தச் சட்டத்துலயும் இல்ல" என்றார். நானும் சிரித்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. தாளை வாங்கி இன்னொரு தடவை வாசித்து, நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

சாமி சிரித்துத் தீர்த்த விசயம் ஒட்டன்சத்திரத்துக்குச் சிரிப்பாகப் போய்ச் சேரவில்லை. மத்தியானக் காய்கறி லாரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாயங்காலம் எங்கள் எதிர்க்கடைக்குப் போன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. அப்பா போய்ப் பேசிவிட்டு வந்தார். விக்கினம் இன்னதென்று விளக்கிச் சொன்னதில் அந்த அம்மாள் சமாதானமாகிவிட்டார். ஆனால் ஒரு கண்டிசன். ஓலை வாசித்த பெண் ஊர்சுற்றப் போனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலில் இரண்டாவது ஓலை வாசிக்க விடமாட்டார்கள். ஓலை நின்றால் கல்யாணம் நின்றது. அப்பா அதை எனக்குச் சொன்னபோது குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாப்பிள்ளையின் ஆபீசுக்குப் போன் போட்டேன். அதுவரைக்கும் அவரிடம் நான் பேசிய மொத்தப் பேச்சு, "தண்ணி வேணுமா?" என்பதுதான். சிவப்பு எண்கள் ஓட ஓட எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பது வீடு, ஒன்பது டீ, கண்ணாடிக்காரி, திருப்பூர், எல்லாம்.

"நீங்க சொல்றது நாயமாத்தானுங்க இருக்குது" என்றார். "ஆனா எங்கம்மா சொன்னா சொன்னதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

"அது ஒங்க அம்மாங்க, நீங்கதான் பண்ணணும்" என்று போனை வைத்துவிட்டேன். பூத்துக்காரர் மீட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போகலாமா வேண்டாமா என்று அன்றைக்குப் பூராவும் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. கல்யாணம் நின்றுபோன பெண் எங்கள் ஊரில் எப்படி வாழ்வாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருத்தி இருந்தாள். ஆனால் அந்த ஒன்பது பேரும் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களே! இந்த வருசம் போகாவிட்டால் இனி எந்த அப்பனும் எந்தப் பெண்ணையும் அனுப்பப் போவதில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்பா வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். "வாரேம்ப்பா" என்றேன். "போனா போ. கல்யாணம் நின்னா எங்கிட்ட வந்து நிக்காத" என்றார். பேப்பர் இறங்கவே இல்லை.

திருச்சி பஸ்ஸில் இருபத்திரண்டு பேரை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மோசே ஜனங்களைச் செங்கடல் தாண்ட வைத்தது எவ்வளவு கஷ்டம் என்று. பையன்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து, அந்த இடத்தில் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள். "ஏலே, எந்திரிங்கலே, அதுகள உக்கார விடுங்க" என்று கத்தி எழுப்பினேன். வடமதுரை தாண்டுவதற்குள் இரண்டு பேர் வாந்தி. அய்யலூரில் மூன்றாவது. எலுமிச்சம்பழம் ஒன்று கைமாறிக் கைமாறி எல்லார் மூக்குக்கும் போய் வந்தது. மணப்பாறையில் முறுக்குக் கூடை உள்ளே வந்ததும் வாந்தி எடுத்த மூன்று பேரும்தான் முதலில் வாங்கினார்கள். நான் நூறு தடவை தலையை எண்ணினேன். ஒரு தடவை இருபத்துமூன்று வந்தது. பார்த்தால், முறுக்குக்காரரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

மாநாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடம், ஆயிரம் பேர், தகரக் கொட்டகை, மே மாத வெயில். இளைஞர்களின் கடமை என்று ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். எங்கள் பையன்கள் தங்கள் கடமையாகத் தூங்கினார்கள். விடிந்த இரண்டு காலையிலும் உப்புமா. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே! நாகர்கோவிலில் இருந்து வந்த பெண்கள் மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்டதைப் பார்த்து முதல் நாள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தவர்கள், இரண்டாம் நாள் வரிசையில் போய் நின்றுவிட்டார்கள். கண்ணாடிக்காரி மைக்கைப் பிடித்து, "ரெண்டு நாளா ஆம்பளைகளே பேசுறீங்க, அது ஏன்?" என்று கேட்டாள். ஆயிரம் பேர் கைதட்டினார்கள். மேடையில் இருந்த சாமியார் தண்ணீர் குடித்தார். எனக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காவிரிக்குக் கூட்டிப் போனேன். பாலத்தில் இருந்து எட்டிப் பார்த்தால் ஒரே மணல். கண்ணுக்கு எட்டின மட்டும் மணல். நடுவில் ஒரு ஓரமாக வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணையில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. "இதுக்கா டீச்சர் மாத்துத்துணி எடுத்துட்டு வந்தோம்? நம்ம ஊரு குடகனாறே தேவலையே!" என்றாள் ஒருத்தி. அப்புறம் ஒன்பது பேரும் மணலில் ஓடினார்கள். அந்தக் கணுக்கால் தண்ணீரில் உட்கார்ந்து, படுத்து, உருண்டு, எப்படியோ தலை வரைக்கும் நனைத்துக்கொண்டார்கள். நான் கரையில் உட்கார்ந்து செருப்புகளைக் காவல் காத்தேன். அம்புட்டுச் சந்தோசத்திலும், விடிந்தால் ஓலை என்பது மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாநாட்டுப் பூசை. சாமியார்கள் இருபது பேர் பீடத்தில் நின்றார்கள், பாட்டு தகரத்தைத் தூக்கியது. எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எட்டரை மணி ஆனது. இந்நேரம் எங்கள் கோயிலில் பிரசங்கம் முடிந்திருக்கும், சாமி நோட்டைப் பிரித்திருப்பார். ஒட்டன்சத்திரத்திலும் இதே நேரம்தான் பூசை. அங்கே என் பெயர் வாசித்தார்களா இல்லையா? வாசித்திருந்தால் பத்து நாளில் நான் ஒருவர் மனைவி. வாசிக்கவில்லை என்றால், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எல்லாருக்கும் தெரிந்திருக்கும், எனக்கு மட்டும் தெரியாது. பக்கத்தில் முழங்காலில் இருந்த கண்ணாடிக்காரி என் கையைப் பிடித்தாள். "டீச்சர், வாசிச்சிருப்பாங்களா? நாங்க எழுதுனதாலதானே இம்புட்டும்?" என்று தேம்பினாள். "வாய மூடிட்டுச் செபம் பண்ணுடி" என்று அதட்டினேன். அதட்டாமல் இருந்திருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன்.

பஸ் திண்டுக்கல் வந்தபோது பொழுது சாயவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "எல்லாம் வரிசையா நில்லு!" என்று ஒரு அதட்டு. இருபத்திரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு தலையாக எண்ணி, ஒன்பது பெண்களையும் அவரவர் அப்பாவிடம் பெயர் சொல்லி ஒப்படைத்தார். எல்லாரும் போன பிறகு நான் கேட்டேன்.

"ஓலை...?"

"வாசிச்சாச்சு."

"அங்கயுமா?"

"அங்கயும்தான். நட, ஒங்கம்மா காலைலருந்து சாப்பிடல."

அவ்வளவுதான். அந்தப் பிளாட்பாரத்திலேயே குதிக்கலாம் போல இருந்தது. என் மாப்பிள்ளை சாதித்துவிட்டார்! போனில் அப்படி இழுத்த மனுசன் எனக்காகத் தன் அம்மாவிடம் பேசி ஜெயித்துவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூன்றாவது ஓலையும் ஆயிற்று, கல்யாணமும் ஆயிற்று. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் மேல் எனக்குப் பிரியம் மலைமலையாக வந்தது. அவர் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால்கூடக் கோபம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அன்னிக்கு அத்தைகிட்ட எப்படிங்க பேசுனீங்க? ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்று கேட்டேன்.

"நானுங்களா?" என்றார். நிஜமாகவே விழித்தார். "நான் எங்கீங்க பேசுனேன்? உங்கப்பா வந்தாருல்லீங்க."

"எங்கப்பாவா?"

"சனிக்கிழம மத்தியானம். நல்ல வெயிலுங்க. வாசல்லயே நின்னாரு. உக்காருங்கன்னாலும் உக்காரல, மோர் குடுத்தாலும் வாங்கல. 'எம் மகள நான்தான் போயிட்டு வான்னு சொல்லி அனுப்பி வச்சேன். அதுவா ஒண்ணும் போகல. கோவம்னா எம்மேல கோவிச்சுக்கங்க, புள்ள மேல கோவிச்சுக்காதீங்க'ன்னு சொல்லி எங்கம்மாவப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாருங்க. எங்கம்மாவும், அப்பனே அனுப்புனதுக்கு நாம என்ன சொல்றதுன்னு விட்டுட்டாங்க."

முப்பது வருசம் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தவர், ஒரு வாசலில் போய்க் கை கூப்பி நின்றிருக்கிறார். வெங்காயம் உரிக்கிற சாக்கில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறே திண்டுக்கல்லுக்குப் போனேன். அப்பா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நேராகப் போய் நின்றேன்.

"நீங்க என்னைய அனுப்பவே இல்லியேப்பா. போகாதன்னுதானே சொன்னீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. நிமிரவில்லை. "அதுக்கு? அவுக வாசல்ல போயி, எம் பேச்சக் கேக்காம ஓடிட்டான்னா சொல்லச் சொல்றே? அப்பறம் அந்த வீட்ல ஒன்னைய ஒருத்தர் மதிப்பாகளா?"

"அப்ப பொய் சொன்னீங்க."

"சொன்னேன். மறுவாரமே சாமிகிட்ட அதச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன்."

என் கல்யாணப் பூசையில், பாவமன்னிப்புப் பெற்றவர்கள் பீடத்தில் போய் வாங்குகிற நன்மை அப்பத்தை வாங்க அப்பா எழுந்து வரவில்லை. முன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். என் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துத் தாலியோடு நின்று நான் கலங்கிப் போயிருந்தேன். அதை இப்போது கேட்டேன். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா அப்பறம் ஏன் எங் கல்யாணத்துல நன்மை வாங்கல?"

"சாமி பாவமன்னிப்புக் குடுக்கல."

"ஏன்?"

"பொய் சொன்னதுக்கு மனஸ்தாபப்படுறீங்களா, மனசு வருந்துறீங்களான்னு கேட்டாரு. இல்ல சாமின்னேன்." பெடலைப் பிடித்துச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "மனஸ்தாபம் இல்லாம மன்னிப்பு எப்படிக் குடுப்பாரு பாவம். ஒவ்வொரு வாரமும் கேக்குறாரு, வந்துச்சா மாஸ்டர்னு. இன்னும் வரல சாமின்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துர்றேன்."

"இன்னிக்கும் கேட்டாரா?"

"கேட்டாரு."

நான் அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கல்யாணமாகிப் புறப்பட்ட அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எண்ணெய்க் கையோடு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "ஏய், ஒங்கம்மா வந்தா நான் என்னமோ ஒன்னையக் கண்டபடி வஞ்சுட்டேன்னு நெனைக்கப் போறா, எந்திரி" என்றார்.